மறுபடியும் ஷட்டர் போடும் டிவி

வயது ஐம்பதைத் தாண்டியவர்களிடம் ‘ஷட்டர் டிவி’ என்று சொல்லிப் பாருங்கள். பேச்சோடு பேச்சாக அவர்களுடைய இரண்டு கையும் நடுவிலிருந்து பக்கவாட்டில் விலகும். அந்தப் பெட்டியைத் திறக்கிற விதம் அது. மெல்லிய மரப்பட்டிகளை நெருக்கமாக அடுக்கி, முதுகில் துணி ஒட்டி, பெட்டியின் மேலும் கீழும் வெட்டிய காடியில் நுழைத்திருப்பார்கள். நடுவில் இரண்டு கைப்பிடி, ஒரு சின்னப் பூட்டு. இழுத்தால் பட்டி பட்டியாக வளைந்து பெட்டியின் விலாப்பக்கம் போய் ஒளிந்துகொள்ளும். மழைக்காலத்தில் மரம் ஊறிவிட்டால் பாதியில் நிற்கும். மெழுகுவர்த்தியைக் காடியில் தேய்த்துவிட்டு இழுத்தால் மறுபடி ஓடும்.

எண்பதுகளின் தமிழ்நாட்டு வீடுகளில் சாலிடேர், டயனோரா என்று மெட்ராஸிலேயே தயாரான டிவிகள் இப்படித்தான் நாலு காலில் நின்றன. தொண்ணூறுகளின் நடுவில் அவை காணாமல் போயின. இப்போது பாருங்கள், புது ஃபிளாட்டுக்கு இன்டீரியர் செய்ய ஆள் கூப்பிட்டால், அவர் காட்டும் முதல் பத்துப் படங்களில் இரண்டிலாவது டிவி இருக்காது. ஒரு பலகையை நகர்த்தினால் அதன் பின்னால் இருக்கும். அல்லது கட்டிலின் கால்மாட்டில் உள்ள பெட்டியிலிருந்து மோட்டார் ஓசையோடு எழுந்து வரும். அல்லது சுவரில் மாட்டிய ஓவியம்தான் டிவி என்பார்கள். முப்பது வருடம் கழித்து ஷட்டர் வேறு பெயரில், பல மடங்கு விலையில் திரும்பி வந்திருக்கிறது.

டிவியை ஒளித்துவைக்கும் ஆசை டிவி அளவுக்கே பழையது. 1936 நவம்பர் 2ஆம் தேதி லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸிலிருந்து பிபிசி தன் ஒளிபரப்பைத் தொடங்கியபோது கடைக்கு வந்த மார்க்கோனிஃபோன் 702, ஹெச்எம்வி 901 ஆகிய செட்டுகளை மூடி வைத்தால் கிராமபோன் பெட்டி என்றுதான் நினைக்கத் தோன்றும். அன்றைய படக்குழாய் நீளமானது. படுக்கவைத்தால் அதன் வால் அறைக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். ஆகவே குழாயைச் செங்குத்தாக நிறுத்திவிட்டார்கள். படம் வானத்தைப் பார்த்துத் தெரியும். பெட்டியின் மூடியின் உட்புறம் ஒரு கண்ணாடி. மூடியைச் சாய்வாகத் தூக்கி நிறுத்தி, அந்தக் கண்ணாடியில் பிம்பத்தைப் பார்க்கவேண்டும். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியுமே என்றால், அதற்காகக் குழாயிலேயே படத்தைத் திருப்பிப்போட்டு வரையச் செய்தார்கள்.

1939இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஆர்சிஏ நிறுவனம் அமெரிக்கர்களுக்கு அறிமுகம் செய்த டிஆர்கே-12 செட்டும் இதே வகைதான். 12 அங்குலக் குழாய், தூக்கும் மூடி, கண்ணாடி. ஜான் வாஸோஸ் வடிவமைத்த வால்நட் மரப்பெட்டி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. படம் உண்மையிலேயே காற்றில் வருகிறதா, உள்ளே சினிமா புரொஜெக்டரை மறைத்து வைத்திருக்கிறார்களா என்று ஜனங்களுக்குச் சந்தேகம். அதைத் தீர்க்க, அதே பெட்டியை ஒளி ஊடுருவும் லூசைட்டில் ஒன்று செய்து, உள்ளிருக்கும் வால்வுகளும் வயர்களும் தெரியும்படி வைத்தார்கள். கண்காட்சியில் நின்றது கண்ணாடி உடம்பு. வீட்டுக்கு விற்றது மர உடம்பு. 600 டாலர் கொடுத்து வாங்குகிறவர் தன் கூடத்தில் ஒரு இயந்திரத்தைக் குடிவைக்க விரும்பமாட்டார், ஒரு அலமாரி என்றால் சரி என்பார் என்று ஆர்சிஏ போட்ட கணக்கு அது.

போர் முடிந்து அமெரிக்காவில் டிவி பரவிய வேகம் நமக்கு ஆச்சரியமாக இருக்கும். 1950இல் பத்து வீட்டில் ஒன்றில்கூட டிவி இல்லை. 1960இல் பத்துக்கு ஒன்பது வீட்டில் வந்துவிட்டது. இந்தப் பத்து வருடத்தில் அங்கே குடும்பப் பத்திரிகைகள் இதை எங்கே வைப்பது என்று பக்கம் பக்கமாக எழுதித் தள்ளின. அந்தப் பழைய இதழ்களைப் புரட்டி ஆராய்ந்த லின் ஸ்பீகல் 1992இல் ‘மேக் ரூம் ஃபார் டிவி’ என்று ஒரு புத்தகமே எழுதினார். புத்தக அலமாரிக்குள் வை, சுவர்ப் பலகைக்குப் பின்னால் வை, கதவு போட்டு மூடு என்று ஓயாமல் யோசனைகள். அணைந்து கிடக்கும் அந்தச் சாம்பல் நிறக் கண்ணாடி தங்களை உற்றுப் பார்ப்பதுபோல ஒரு கூச்சம் பலருக்கு இருந்திருக்கிறது. பார்ப்பவரையே வேவு பார்க்கும் டெலிஸ்கிரீனை ஜார்ஜ் ஆர்வெல் ‘1984’ நாவலில் கொண்டுவந்தது 1949இல். அந்தக் கற்பனை சும்மா முளைக்கவில்லை போலும்.

ஆகவே அமெரிக்காவில் டிவிக்குக் கதவு போட்டதில் கொஞ்சம் வெட்கம் இருந்தது. வசதியான வீட்டுக்காரர், வாசிக்கத் தெரிந்தவர், விருந்தினர் வரும்போது டிவி பார்க்கிறவராகத் தெரியக் கூடாது. பழைய பிரெஞ்சு பாணி, மத்தியதரைக்கடல் பாணி என்று அலங்காரக் கால் வைத்த பெட்டிகளுக்குள் திரையும் ஸ்டீரியோவும் ரேடியோவும் சேர்ந்து ஒளிந்தன. மேக்னவாக்ஸ் போன்ற நிறுவனங்கள் எழுபதுகள் வரை இந்த வியாபாரத்தில் கொழித்தன.

மெட்ராஸில் கதை தலைகீழ்.

இங்கே தூர்தர்ஷன் நிலையம் திறந்தது 1975 ஆகஸ்ட் 15. வண்ணம் வந்தது 1982இல். டிவி வைத்திருக்கத் தபால் ஆபீசில் லைசென்ஸ் கட்டணம் கட்டிய காலம். ஒரு குமாஸ்தாவின் பல மாதச் சம்பளத்தை விழுங்கும் பொருள். தெருவில் ஒரு வீட்டில் இருந்தாலே பெரிது. அந்த வீட்டுக்காரர் ஷட்டரை இழுத்துப் பூட்டினார் என்றால் அதில் வெட்கத்துக்கு என்ன வேலை? பீரோவைப் பூட்டுகிற அதே மனசுதான். தூசி படக் கூடாது, பிள்ளைகள் குமிழைத் திருகக் கூடாது. மார்ச் மாதம் வந்தால் பிள்ளைகள் படிக்கவும் வேண்டும். பரீட்சை முடியும்வரை அந்தச் சின்னச் சாவி அப்பாவின் சட்டைப் பையிலோ அம்மாவின் முந்தானை முடிச்சிலோ இருக்கும்.

அதைவிட முக்கியம், திறக்கிற தருணம். வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’, ஞாயிறு மாலை தமிழ்ப்படம். கூடத்தில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கும். வீட்டுப் பெரியவர் வந்து ஷட்டரை விலக்குவது கருவறைத் திரையை விலக்குவதுபோலத்தான். 1987 ஜனவரியிலிருந்து ஞாயிறு காலைகளில் ராமானந்த் சாகரின் ராமாயணம் ஓடியபோது பல ஊர்களில் டிவி பெட்டிக்கே மாலை போட்டு ஊதுவத்தி கொளுத்தினார்கள். மறைப்பு மதிப்பைக் கூட்டும் என்பது கோயில் கட்டிய ஊர்க்காரர்களுக்கு யாரும் சொல்லித்தரவேண்டிய பாடம் அல்ல.

பெட்டியின் தலைமேலும் ஒரு குடித்தனம் நடந்தது. குரோஷா பின்னிய துணி, அதன்மேல் தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மை, கல்யாண போட்டோ, பிளாஸ்டிக் ரோஜா. ஷட்டர் இல்லாத செட் வாங்கியவர்கள்கூட முகத்தை மூட எம்பிராய்டரி போட்ட உறை ஒன்று தைத்தார்கள். படம் முடிந்ததும் உறையைப் போட்டுவிட்டுத்தான் பெண்கள் அடுத்த வேலைக்குப் போவார்கள்.

இந்த ஷட்டரை யார் ஒழித்தது? பிளாஸ்டிக் பெட்டி மலிவாக வந்ததால் மரம் போயிற்று என்று பொதுவாகச் சொல்வார்கள். அது பாதி உண்மை. பிளாஸ்டிக் பெட்டிக்கும் கதவு வைத்திருக்கலாமே. மீதிக் காரணம் ஒளிபரப்பு நேரத்தில் இருக்கிறது என்பது என் கணிப்பு. தூர்தர்ஷன் சாயங்காலம் ஆரம்பித்து இரவு முடியும். நிலையமே கடையைக் கட்டும். அதற்குத் தோதாக வீட்டிலும் ஒரு கதவு. அமெரிக்காவிலும் ஐம்பதுகளில் நள்ளிரவு வாக்கில் தேசிய கீதம் போட்டு ஒளிபரப்பை நிறுத்திவிடுவார்கள். 1991க்குப் பிறகு கேபிள் வந்தது. 1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி வந்தது. பின் சீரியல்கள், செய்தி, பாட்டு என்று நாள் முழுக்க ஓடத்தொடங்கியது. மூடுகிற நேரமே இல்லாத கடைக்கு ஷட்டர் எதற்கு? கையில் ரிமோட் வந்தபிறகு எழுந்துபோய்க் கதவைத் திறப்பதும் தண்டனையாகிவிட்டது. ரிமோட்டின் அகச்சிவப்புக் கதிர் மரத்தைத் துளைக்காது என்பதால் கதவைப் பாதி மூடிவைத்தும் பார்க்க முடியாது.

2006இல் தமிழக அரசு 14 அங்குல வண்ண டிவியை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்து, ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்து முடித்தபோது, பூட்டிவைக்கும் பொருள் என்ற அந்தஸ்தும் போயிற்று. அந்தப் பெட்டிகள் அலமாரித் தலையிலும், சமையலறைத் திட்டிலும், ஓட்டுவீட்டின் மரப்பலகையிலும் குந்திக்கொண்டன. ஒரு தலைமுறை அவற்றை அப்படியே, முகம் திறந்தபடிதான் அறியும்.

ஷட்டர் போனாலும் நடுத்தர வர்க்கத்தின் பெருமை போகவில்லை, ஷோகேஸுக்கு இடம் மாறியது. சுவர் நீளத்துக்குத் தேக்கிலோ பிளைவுட்டிலோ அடித்து, சன்மைகா ஒட்டி, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பள்ளிக்கூடக் கோப்பைகளையும் ஊட்டியில் வாங்கிய பொம்மைகளையும் வைத்து, நடுவில் டிவிக்கு ஒரு சதுரப் பொந்து. அந்தப் பொந்துதான் பிற்பாடு காலை வாரியது. 29 அங்குலப் பழைய டிவியின் திரை சுமார் 59 சென்டிமீட்டர் அகலம், 44 உயரம். வெளிப்பெட்டியையும் சேர்த்தால் முக்கால் மீட்டர் அகலம் வரும். 43 அங்குலத் தட்டை டிவிக்கோ திரை மட்டுமே 95 சென்டிமீட்டர் அகலம். உலகச் சந்தையில் 2007 கடைசியில் எல்சிடி டிவிகள் குழாய் டிவிகளை முந்தின. அடுத்த சில வருடங்களில் தமிழ்நாட்டுக் கூடங்களில் ரம்பச் சத்தம் கேட்டது. ஷோகேஸை அறுக்க மனமில்லாதவர்கள் 32 அங்குலத்தோடு நிறுத்திக்கொண்டார்கள். அது அந்தப் பொந்தில் நுழையும். நம் வீடுகளில் பலகாலம் 32 அங்குலமே ராஜாவாக இருந்ததற்கு விலை ஒரு காரணம், இந்தப் பொந்து இன்னொரு காரணம்.

அமெரிக்காவில் அழிவு இன்னும் பெரிது. தொண்ணூறுகளில் அங்கே வீட்டுக்கு வீடு, ஓட்டலுக்கு ஓட்டல், இரண்டு கதவு வைத்த ஆளுயர டிவி அலமாரி நின்றது. குழாய் டிவி ஆழமானது என்பதால் அலமாரிக்கு அறுபது எழுபது சென்டிமீட்டர் ஆழம். டிவி தட்டையானதும் அந்த ஆழம் வீண், அகலமோ போதவில்லை. அசல் மரத்தில் செய்த அலமாரிகளைக்கூட வாங்க ஆளில்லாமல் பழைய சாமான் கடைகளில் குவித்தார்கள். சிலர் அதைச் சமையல் சாமான் அலமாரியாகவும், குடிப்பவர்கள் பார் ஆகவும் மாற்றிக்கொண்டார்கள்.

தட்டையாகி, மெலிந்து, சுவரோடு ஒட்டிக்கொண்ட டிவியை இனி ஏன் ஒளிக்கவேண்டும்? அளவு ஒரு காரணம். 55 அங்குல டிவி 122 சென்டிமீட்டருக்கு 69 சென்டிமீட்டர் கறுப்புச் செவ்வகம். 65 என்றால் இன்னும் பெரிது. பத்தடிக்குப் பதினோரு அடிக் கூடத்தில் ஒரு சுவரையே அது தின்றுவிடுகிறது. இரண்டாவது காரணம், எனக்கு இதுவே உண்மைக் காரணமாகப் படுகிறது, இளம் குடும்பங்களில் டிவி நாள் முழுக்க ஓடுவதில்லை. ஆளுக்கொரு கைபேசி வந்துவிட்டது. கிரிக்கெட்டுக்கும் சனிக்கிழமை ஓடிடி படத்துக்கும் மட்டுமே பெரிய திரை. மீதி நேரம் அது சும்மா கிடக்கிறது. தூர்தர்ஷன் காலத்தைப்போல டிவிக்கு மறுபடி ஒரு மூடும் நேரம் கிடைத்திருக்கிறது. கதவும் வந்துவிட்டது.

கம்பெனிகளும் இதைக் கண்டுகொண்டன. 2017இல் சாம்சங் கொண்டுவந்த ‘தி ஃபிரேம்’ அணைக்கும்போது ஓவியமாகிவிடும். ஆள் நடமாட்டத்தை அறியும் சென்சார் உண்டு, அறை வெளிச்சத்துக்கு ஏற்ப ஓவியமும் மங்கும். 2022இலிருந்து பளபளப்பு இல்லாத திரையும் சேர்ந்தபின் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் நம்பத்தான் தோன்றுகிறது. ஆனால் மறைப்பதற்காக டிவியை எரியவிடுவது என்பது, அம்மாக்களிடம் சொன்னால் கரண்ட் பில்லை நீட்டுவார்கள். 2019இல் டென்மார்க்கின் பேங் அண்ட் ஒலுஃப்சென் ‘ஹார்மனி’ என்ற டிவியில் ஓக் மரமும் அலுமினியமும் சேர்ந்த இரு ஸ்பீக்கர் தட்டிகளைத் திரைக்கு முன்னால் நிறுத்தியது. போட்டதும் தட்டிகள் வண்ணத்துப்பூச்சி இறக்கைபோல விரிய, திரை மேலே எழும். எல்ஜி 2020இல் தென்கொரியாவில் விற்கத் தொடங்கிய 65 அங்குலச் சுருட்டும் டிவி எல்லாவற்றுக்கும் மேல். பாயைப்போலச் சுருண்டு ஒரு நீளப் பெட்டிக்குள் போய்விடும். அன்றைய விலை 10 கோடி வொன். நம் ஊர்க் கணக்கில் அறுபது லட்ச ரூபாய்க்கும் மேல். அந்தப் பணத்துக்கு ஒளித்துவைக்க ஒரு தனி அறையே கட்டலாம்.

நம் வீட்டுக் கணக்குக்கு வருவோம். தச்சர் செய்யக்கூடியவை நாலைந்து வகை. ஒவ்வொன்றிலும் படத்தில் தெரியாத ஒரு சிக்கல் உண்டு.

கட்டில் கால்மாட்டிலிருந்து எழும் மோட்டார் லிஃப்ட் பார்க்க ஜோர். 55 அங்குல டிவியை முழுசாக விழுங்கப் பெட்டி குறைந்தது 85 சென்டிமீட்டர் உயரம் வேண்டும். எழுந்தபின் திரையின் நடுப்பகுதி தரையிலிருந்து 120 சென்டிமீட்டருக்கு மேலே போய்விடும். சோபாவில் உட்கார்ந்தவரின் கண்ணோ 105 வாக்கில். இரண்டரை மணிநேரப் படம் முடிவதற்குள் கழுத்து பிடித்துக்கொள்ளும். படுத்துக்கொண்டு பார்ப்பவர்களுக்கு ஓரளவு ஒத்துவரும். பாதியில் கரண்ட் போனால் டிவி இடுப்பளவு நீரில் நிற்பவர் மாதிரி நிற்கும் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

அலமாரிக் கதவு திறந்து, பிறகு பக்கவாட்டில் உள்ளே தள்ளிக்கொள்ளும் அமைப்பு இன்னொன்று. ஹெட்டிக், ஹாஃபெலே போன்றவர்களின் சேனல்கள் இங்கேயே கிடைக்கின்றன. நேர்த்தியான வேலை. ஆனால் திறக்க இரண்டு அசைவு, மூட இரண்டு அசைவு. வீட்டில் எதற்கெல்லாம் இரண்டு அசைவு வேண்டுமோ அதெல்லாம் ஒரு மாதத்துக்குப் பிறகு திறந்தே கிடக்கும். சாமி அலமாரிக் கதவும் செருப்பு ஸ்டாண்ட் கதவும் இதற்குச் சாட்சி.

ஒற்றைப் பலகையைப் பக்கவாட்டில் தள்ளுவது எளிது, மலிவு. ஒரே இழுப்பில் வேலை முடியும். ஆனால் பலகை ஒதுங்க டிவியளவு காலிச் சுவர் பக்கத்தில் வேண்டும். 122 சென்டிமீட்டர் டிவிக்கு இரண்டரை மீட்டர் சுவர். அதில் ஜன்னலோ சுவிட்ச் போர்டோ வந்தால் திட்டம் கவிழ்ந்தது. இந்த இடத்தில்தான் அந்தக் காலத்து மரப்பட்டி ஷட்டரின் கெட்டிக்காரத்தனம் புரிகிறது. அது வளைந்து மூலையைச் சுற்றிப் போய்விடுவதால் பக்கத்துச் சுவரைக் கேட்பதே இல்லை. இன்று வரிக்கோடு போட்ட பேனல்கள் மோஸ்தராக இருப்பதால், அதே தோற்றத்தில் ஓடும் ஷட்டரைச் செய்யத் தெரிந்த தச்சர் கிடைத்தால் விடாதீர்கள். காடியை ஒரு நூல் பிசகாமல் வெட்ட வேண்டும் என்பதால் எல்லோராலும் முடியாது.

எதைச் செய்தாலும் காற்று முக்கியம். டிவியைச் சுற்றி நாலு விரல்கடையாவது இடைவெளியும், பெட்டியின் மேலும் பின்னும் துளைகளும் இல்லாவிட்டால் நம் ஊர் மே மாதத்தில் சூடு உள்ளேயே தங்கும். செட்டாப் பாக்ஸையும் அதே பொந்தில் அடைத்தால் நிலைமை இன்னும் மோசம், ரிமோட்டும் எட்டாது. கதிரை உள்ளே கடத்தும் ஒரு சின்னக் கண் விற்கிறது, அதை வெளியே ஒட்டிக்கொள்ளலாம். ஈரச் சுவரில் சாதா பிளைவுட் வைத்தால் கரையான் உங்களுக்கு முன்பே அந்தக் கதவைத் திறந்துவிடும்.

கடைசியாக ஒன்று. தாத்தா பாட்டி உள்ள வீட்டில், காலைப் பக்திப் பாட்டிலிருந்து இரவு பத்து மணி சீரியல் வரை டிவி ஓடுமானால், கதவுக்குச் செலவழிக்காதீர்கள். அங்கே அது திறந்தேதான் இருக்கும். அந்தக் காசில் வயர்களைச் சுவருக்குள் ஒளித்தாலே பாதி அசிங்கம் போய்விடும். பூச்சு வேலைக்கு முன்பே டிவியிலிருந்து கீழ்ப்பலகை வரை ஒரு குழாய் பதிக்கச் சொல்லுங்கள், இரண்டு இன்ச் குழாய். எலக்ட்ரீஷியன் பழக்கதோஷத்தில் முக்கால் இன்ச் போட்டுவிட்டுப் போவார். எச்டிஎம்ஐ வயரின் தலை அதில் நுழையாது.